காற்று குறைந்த நாளில் இறங்கும்போது

வானம் தெளிவாக இருக்கிறது, காற்றின் வேகம் மூன்று நான்கு நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) மட்டுமே. எங்களைப் போன்ற விமானக் கட்டுப்பாட்டாளர்களில், ரேடார் முன் புதிதாக உட்காருபவர்கள் இதை நிம்மதியான ஷிஃப்ட் என்று நினைப்பார்கள். வேக் டர்புலன்ஸ், அதாவது விமானம் பின்னால் விட்டுச்செல்லும் காற்றுச் சுழல், விஷயத்தில் நிலைமை நேர் எதிர்.

பறக்கும்போது இறக்கைக்கு அடியில் அழுத்தம் கூடுதல், மேலே குறைவு. அடிக்காற்று இறக்கை நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுவதால், இரு நுனிகளிலிருந்தும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழல்கள் பின்னால் நீளும். விமானம் எவ்வளவு கனமோ, எவ்வளவு மெதுவோ, அவ்வளவு வலுவான சுழல். தரையிறங்க வரும் ஹெவியோ (கனமான பெரிய விமானம்) மெதுவாகத்தான் வந்தாக வேண்டும்! சுழல்கள் நிமிடத்துக்குச் சுமார் 300 முதல் 500 அடி கீழே இறங்கும். பலத்த காற்று அவற்றைச் சிதைத்துவிடும். அமைதியான காற்றில் நிமிடக்கணக்கில் நீடிக்கும். தரையை நெருங்கியதும் பக்கவாட்டில் விலகத் தொடங்கும். அந்த நேரத்தில் லேசான குறுக்குக்காற்று வீசினால், ஒரு சுழல் விலக முடியாமல் ஓடுபாதை மேலேயே நின்றுவிடும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பழைய வகைப்பாட்டில், அதிகபட்சப் புறப்பாட்டு எடை 136 டன்னும் அதற்கு மேலும் என்றால் ஹெவி, 7 டன் வரை லைட், இடைப்பட்டவை மீடியம். ஏ380 மட்டும் சூப்பர். ஹெவிக்குப் பின்னால் வரும், மீடியம் வகையான ஏ320-க்கு 5 கடல் மைல் இடைவெளி, ஏ380-க்குப் பின்னால் என்றால் 7. இப்போது பல இடங்களில் இன்னும் நுணுக்கமான வகைப்பாடுகள் வந்துவிட்டன. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 2015 முதல், எதிர்க்காற்று பலமாக வீசும்போது மைலுக்குப் பதில் நேரத்தைக் கணக்கிட்டு இடைவெளி விடுகிறார்கள்.

திரையில் 5 மைல் வைத்ததோடு வேலை முடியாது. முன்னால் போகிற ஹெவி கடைசி நான்கு மைலில் வேகத்தை 140 நாட் அளவுக்குக் குறைத்திருக்கும், பின்னால் வருபவர் இன்னும் 170-ல் இருப்பார். நிமிடத்துக்கு அரை மைல் கரைந்துவிடும். அதனால் 5 வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 6 வைத்து அனுப்புவதுதான் என் வழக்கம். ‘வேகத்தைக் குறையுங்கள்’ என்று தூரத்திலேயே சொல்லிவிடுவதற்கும் இதுதான் காரணம். அந்த நேரத்தில் பைலட்டுகள் முணுமுணுப்பது எங்களுக்கும் தெரியும்.

ஆனால் உண்மையான ஓட்டை ரேடாரில் இல்லை, விஷுவல் அப்ரோச்சில், அதாவது பைலட் கண்ணால் பார்த்தே இறங்க வருவதில், இருக்கிறது. ‘முன்னால் போகும் விமானம் தெரிகிறது’ என்று பைலட் சொல்லி, அதைப் பின்தொடர அனுமதி வாங்கிவிட்டால், இடைவெளி அவர் பொறுப்பு. 1993 டிசம்பர் 15 அன்று கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் நடந்ததைப் பாருங்கள். போயிங் 757-க்குப் பின்னால், சுமார் 2 மைல் தூரத்தில், ஒரு சிறிய வெஸ்ட்விண்ட் ஜெட் விஷுவல் அப்ரோச்சில் வந்தது. 757 இறங்கிய பாதைக்குக் கீழே அது பறந்துகொண்டிருந்தது. சுழலில் சிக்கி விழுந்ததில் ஐந்து பேரும் இறந்தார்கள். 757 அன்றைய எடைக்கணக்கில் ஹெவி இல்லை, அதனால் ஹெவிக்கு உரிய எச்சரிக்கையும் கட்டாயமில்லை. அதன் சுழலோ எடைக்கு மீறிய வலுவுள்ளது. அமெரிக்காவில் 757-க்குப் பின்னால் விடும் இடைவெளியைக் கூட்டியது இதற்கப்புறம்தான்.

முன்னால் போகும் விமானம் கண்ணுக்குத் தெரியும், அதன் சுழல் தெரியாது. சிறிய விமானம் ஓட்டுபவர்கள் பெரிய விமானத்தின் பாதைக்குச் சற்று மேலேயே வரவேண்டும். அதன் சக்கரம் தரை தொட்ட இடத்தைத் தாண்டித் தரை தொட வேண்டும். ஓடுபாதை நீளம் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் விஷுவலை ஏற்காதீர்கள். ‘கூடுதல் இடைவெளி வேண்டும்’ என்று ரேடியோவில் சொல்ல இரண்டு விநாடிகூட ஆகாது. வரிசையை மாற்றிப் போடுவது எங்கள் வேலை, அதற்காக யாரும் உங்களைக் கோபிக்கப் போவதில்லை. நெரிசல் நேரத்தில் குரல் கொஞ்சம் கடுகடுவென்று இருக்கும், அதைப் பொருட்படுத்தாதீர்கள்.