சொத்து அல்ல, உடைமை: லாக்கின் ஒரு சொல்லைப் பற்றி

“உயிர், சுதந்திரம், சொத்து ஆகிய மூன்றையும் சேர்த்து ஜான் லாக் சொத்து என்கிறார்.” அரசியல் தத்துவம் பற்றிய தமிழ் உரைகளில் இந்த வாக்கியத்தை இன்னும் எத்தனை முறை கேட்க வேண்டியிருக்குமோ தெரியவில்லை. மூன்றில் ஒன்றின் பெயரே மூன்றுக்கும் பெயராகிவிடும் விந்தையைச் சொல்பவரும் கேட்பவரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. ஆங்கிலேயத் தத்துவவாதியான லாக் எழுதி, 1689இன் இறுதியில் வெளிவந்து, முகப்பில் 1690 என்று அச்சிடப்பட்ட ‘அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்’ நூலில் இந்தக் குளறுபடி இல்லை. இரண்டாம் ஆய்வுரையின் 123ஆம் பத்தியில் மூன்றாவதாக வருவது ‘எஸ்டேட்’, அதாவது ஒருவரின் நிலபுலனும் பொருளும். மூன்றுக்குமான பொதுப்பெயர்தான் ‘பிராப்பர்ட்டி’. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டது மொழிபெயர்ப்பாளரின் கைங்கரியம்.

‘பிராப்பர்ட்டி’ என்பது ‘தனக்கே உரிய’ என்று பொருள்படும் ‘புரோப்ரியுஸ்’ என்ற இலத்தீன் சொல்வழி வந்தது. ஒரு பொருளின் இயல்பான பண்பையும் அது குறிக்கும். சொத்து, வடமொழி ‘ஸ்வத்வ’த்திலிருந்து வந்தது என்பர். மூலம் எதுவானாலும், இன்று அது பட்டா, பத்திரம், பாகப்பிரிவினையோடு ஒட்டிய சொல். பதிவு அலுவலகத்தில் அதற்கு நிகரில்லை. லாக்கிடம் கொண்டுவந்தால்தான் தொல்லை தொடங்குகிறது.

ஏனெனில் அவருடைய வாதம் நிலத்திலிருந்து தொடங்கவில்லை, உடலிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொருவரும் தம்மைத் தாமே உடையவர். ஆகவே தம் உடலின் உழைப்பும் தமக்கே உரியது. அவ்வுழைப்பைப் பொதுவில் கிடந்த ஒன்றோடு கலக்கும்போது அதுவும் தமக்குரியதாகிறது என்று 27ஆம் பத்தி படிப்படியாகச் செல்கிறது. இதையே ‘ஒவ்வொருவருக்கும் தம் உடல்மீது சொத்து உண்டு’ என்று எழுதினால், உடலுக்கும் வில்லங்கச் சான்று கேட்கத் தோன்றும். மனிதர் அரசின்கீழ் ஒன்றுசேர்வதன் தலையாய நோக்கம் ‘சொத்தைக் காப்பது’ என்று 124ஆம் பத்தியைப் பெயர்த்தாலோ, லாக் வெறும் பண்ணையாரின் காவல்காரராகிவிடுகிறார். அந்தக் குற்றச்சாட்டை அவர்மீது வைக்க இடமுண்டு; ஐந்தாம் அதிகாரத்தில் அவரே பெரும்பாலும் நிலத்தையும் பண்டங்களையும்தான் பேசுகிறார். ஆனால் அவர் எழுதியதற்காக அவர் கண்டிக்கப்பட வேண்டுமேயன்றி, நம் சொல் செய்த பிழைக்காக அல்ல.

உடைமை என்ற சொல் இருக்கும்போது ஏன் இந்தப் பாடு? ‘என்னுடைய’ என்பதில் உள்ள ‘உடை’யே இதன் வேர். என் கை, என் வீடு, என் நாணம் ஆகிய மூன்றையும் தமிழ் இலக்கணம் ஆறாம் வேற்றுமையில் அடக்கி, பிரிக்க முடியாததைத் தற்கிழமை என்றும் பிரியக்கூடியதைப் பிறிதின்கிழமை என்றும் பகுக்கிறது. லாக்கின் உயிரும் உழைப்பும் முன்னது, எஸ்டேட் பின்னது, உழைப்பைக் கலப்பதன்மூலம் பின்னதற்கு முன்னதன் வலிமையை ஏற்ற முயல்வதே அவர் வாதத்தின் சாரம் என்று சொன்னால், நன்னூல் படித்தவருக்கு உடனே விளங்கும். குறளிலும் அன்புடைமை, நாணுடைமை என்று அதிகாரங்கள் உண்டு. “உள்ளம் உடைமை உடைமை பொருளுடைமை நில்லாது நீங்கி விடும்” (592) என்ற குறளில் மூன்று ‘உடைமை’யையும் எடுத்துவிட்டுச் ‘சொத்து’ என்று வைத்துப் பார்த்தால், நான் சொல்வதன் நியாயம் தெரியும்.

ரயில் நிலைய அறிவிப்பைக் கேட்டுப் பழகிய காதுக்கு உடைமை என்றால் பெட்டியும் பையும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவுடைமை என்றால் எவருக்கேனும் பெட்டி நினைவுக்கு வருகிறதா? பொதுச்சொத்து என்பது கல்லெறிபட்ட பேருந்து. பொதுவுடைமை என்பது ஒரு கோட்பாடு. தனியுடைமையை எதிர்த்தவர்களே சரியான சொல்லைக் கண்டுபிடித்து மேடைதோறும் பேசிவிட்டார்கள்; அதை ஆதரித்த தத்துவவாதியை மொழிபெயர்ப்பவர்களுக்கு மட்டும் அது எட்டவில்லை. இலங்கையில் வழங்கும் ‘ஆதனம்’ ஆதன வரிக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் உயிரை ஆதனம் என்று அங்கும் எவரும் சொல்லமாட்டார்கள். ‘சொந்தம்’ என்றால் மாமனும் மச்சானும் வந்து நிற்பார்கள்.

இதே அவசரம்தான் லாக்கின் ‘லா ஆஃப் நேச்சர்’ என்ற தொடரை இவர்களை ‘இயற்கை விதி’ என்றும் எழுத வைக்கிறது. புவியீர்ப்பு இயற்கை விதி. கல் அதை மீற முடியாது. பிறருடைய உயிர், உடல்நலம், சுதந்திரம், உடைமை ஆகியவற்றுக்கு ஊறு செய்யாதே என்று லாக்கின் ஆறாம் பத்தியில் பகுத்தறிவு கற்பிக்கும் கட்டளையோ மனிதர் மீறக்கூடியது. மீறுவதாலேயே அரசு தேவைப்படுகிறது. அதை இயற்கைச் சட்டம் என்பதே தெளிவு.

பொதுப்பெயருக்கு உடைமையை வைத்துவிட்டால் ‘எஸ்டேட்’டுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சும். அங்கே சொத்து என்றே எழுதலாம். அந்த இடம் அதற்குரியதுதான்.