சாட்டா: தொடர்வழி இணைப்பு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கணினிக் கடைகளில் தமிழும் நன்றாகப் புழங்குகிறது. "அண்ணா, என் போர்டு சாட்டா டூ. சாட்டா த்ரீ எஸ்எஸ்டி போட்டால் ஓடுமா?" என்று போன வாரம் ஓர் இளைஞர் கேட்டார். (போர்டு என்பது கணினியின் தாய்ப்பலகை; எஸ்எஸ்டி என்பது சுழலும் வட்டுக்குப் பதில் சில்லுகளில் தகவலை வைக்கும் சேமிப்பகம்.) ஓடும். ஆனால் அந்தப் பெயர்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தாய்ப்பலகையோடு சேமிப்பு வட்டை இணைக்கும் முறைதான் சாட்டா; சீரியல் ஏடிஏ என்பதன் சுருக்கம். ஏடி என்பது ஐபிஎம் 1984-இல் வெளியிட்ட பிசி ஏடி கணினியைக் குறிக்கிறது; கடைசி 'ஏ', அதனோடு வட்டைப் பொருத்தும் அட்டாச்மென்ட். பழைய ஏடிஏவின் பட்டையான கேபிளில் 16 பிட்டுகள் பக்கம் பக்கமாக ஓடின. வேகம் கூடக்கூட, பதினாறும் ஒரே கணத்தில் போய்ச் சேர்வது கடினமாயிற்று. நொடிக்கு 133 மெகாபைட்டோடு அது நின்றுவிட்டது. 2003-இல் வந்த சாட்டா, பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியது. பக்கத்துக் கம்பிக்காகக் காத்திருக்கும் தேவை ஒழிந்தது. கம்பிகள் குறைந்தும் வேகம் கூடியதன் காரணம் இதுதான்.

சீரியல் என்ற சொல்லின் லத்தீன் வேருக்குக் கோத்தல், தொடுத்தல் என்று பொருள். எஸ்.பி. ரோட்டை ஒட்டிய கே.ஆர். மார்க்கெட்டில் பூக்காரர்கள் நாளெல்லாம் செய்வது அந்த வேலைதான். தமிழில் தொடு, தொடுத்தல், தொடர் எல்லாம் ஒரே குடும்பம். ஆகவே 'தொடர்' என்பதே பொருத்தமான சொல். 'தொடரிணைப்பு' என்று மட்டும் எழுத வேண்டாம். பள்ளி இயற்பியலில் அது மின்சுற்றின் பெயர். 'தொடர்வழி இணைப்பு' என்றால் குழப்பமில்லை.

இனித் தலைமுறைகள். வேகம் நொடிக்கு 1.5, 3, 6 கிகாபிட் என்று இரட்டித்தது. ஒரு பைட்டுக்கு 10 பிட்டுகள் அனுப்பப்படுவதால் 150, 300, 600 மெகாபைட் என்று கொள்ளலாம். 'சாட்டா டூ' என்பது உண்மையில் இத்தரத்தை வகுத்த குழுவின் பழைய பெயர். வேகத்துக்கு அப்பெயரை வைக்க வேண்டாம் என்று அக்குழுவின் வழிவந்த அமைப்பே சொல்கிறது. 'த்ரீ' என்றதும் 3 கிகாபிட் என்று நினைத்து ஏமாறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 3 கிகாபிட் இரண்டாம் தலைமுறை. வேகத்தைச் சொல்லியே கேளுங்கள்.

மூன்று தலைமுறைக்கும் செருகி ஒன்றே. போர்டின் வேகமும் வட்டின் வேகமும் வேறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு உடன்படுகின்றன. அந்த இளைஞரின் எஸ்எஸ்டி நொடிக்கு 300 மெகாபைட்டைத் தாண்டாது. ஆனாலும் சுழலும் வட்டு தகவலைத் தேடி அலையும் நேரம் அதில் இல்லை. அவர் தயங்காமல் வாங்கலாம்.