மெட்டாடேட்டா: தமிழில் மீத்தரவு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை நேரக் கணினி வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் தோட்டத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பல கணினிகளில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் என்ற மென்பொருளைப் படிக்கத் தொடங்கியதும் அவர்களை மிரட்டும் சொல் மெட்டாடேட்டா. இதை மீத்தரவு என்று தயங்காமல் சொல்லலாம்.

‘மெட்டா’ கிரேக்கம்; பின்னால், அப்பால் என்று பொருள். ‘டேட்டா’ இலத்தீன், தரப்பட்டவை. நம் ‘தரவு’ம் ‘தா’ என்ற வினையில் பிறந்ததுதான், அதனால் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘மீ’ என்றால் மேல். ஒரு தரவுக்கு மேலிருந்து அதைப் பற்றிச் சொல்லும் தரவு, மீத்தரவு. ‘மேனிலைத் தரவு’ என்றும் எழுதுகிறார்கள். ஏதோ உயர்தரமான தரவு என்று படுவதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

கூகுள் 2014-இல் வெளியிட்ட குபெர்னெட்டீஸில், கண்டெய்னர்கள் (செயலியைத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதிகள்) ஓடும் ஒவ்வொரு பாட் அலகுக்கும் மீத்தரவுப் பகுதி உண்டு. பெயர், உருவான நேரம், அப்புறம் லேபிள், அனோட்டேஷன். லேபிள் தேடிப் பிரிப்பதற்கு; அடையாளச்சீட்டு எனலாம். அதன் மதிப்பு 63 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, தமிழ் எழுத்தையும் ஏற்காது. அனோட்டேஷன் மனிதரோ கருவியோ படிப்பதற்கு. அதற்குக் குறிப்புரை என்ற நம் பழைய சொல்லே போதும். அதில் தாராளமாகத் தமிழில் எழுதலாம்.

இவற்றை ஏபிஐ வழியே, அதாவது நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாயில் வழியே மாற்ற, அந்தப் பாட் அலகின் முகவரிக்கு ‘பேட்ச்’ கோரிக்கை அனுப்ப வேண்டும். பேட்ச் என்றால் ஒட்டு. கிழிந்த இடத்துக்கு மட்டும் துணி வைப்பது போல, மாற வேண்டியதை மட்டும் அனுப்பினால் போதும். ‘மெர்ஜ் பேட்ச்’ முறையில் ஒரு லேபிளுக்கு ‘நல்’ (null, வெறுமை) என்று மதிப்புக் கொடுத்தால் அந்த லேபிள் நீங்கிவிடும். என்ன வகை ஒட்டு என்பதைக் கோரிக்கையின் தலைப்புப் பகுதியில் (ஹெடர்) சரியாகக் குறிக்க வேண்டும். சர்வருக்குத் தெரியாத வகை என்றால் 415 என்ற பிழை எண்ணோடு திருப்பிவிடும்.

பிள்ளைகள் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். ஓடிக்கொண்டிருக்கும் பாட் அலகின் லேபிளை மாற்றினால் உள்ளே இருக்கும் கண்டெய்னர் நிற்காது, மறுபடி தொடங்காது. ஆனால் பாட் அலகுகளின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளும் ‘ரெப்ளிகாசெட்’ தன் ஆட்களை லேபிளை வைத்துத்தான் எண்ணுகிறது. மூன்று வேண்டும் என்றிருக்கும்போது ஒன்றின் லேபிள் மாறிவிட்டால், அது இனி தன்னுடையது இல்லை என்று விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கும். பழையதும் ஓடிக்கொண்டே இருக்கும். அதே லேபிளைப் பார்த்துக் கோரிக்கைகளைப் பாட் அலகுகளுக்குப் பிரித்தனுப்பும் ‘சர்வீஸ்’ மட்டும் அதற்கு வேலை அனுப்புவதை நிறுத்திவிடும். கோளாறான பாட் அலகை அழிக்காமல் ஒதுக்கி வைத்து ஆராய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரெப்ளிகாசெட்டை உருவாக்கி நிர்வகிக்கும் ‘டெப்ளாய்மென்ட்’டில் மீத்தரவு இரண்டு இடத்தில் வரும். மேலே இருப்பது டெப்ளாய்மென்டுக்கு உரியது. அதில் லேபிள் சேர்த்தால் பாட் அலகுகளுக்கு அது போய்ச் சேராது. உள்ளே, பாட் அலகுகளுக்கான வார்ப்புருவில் இருப்பதை மாற்றினால், ஒரு குறிப்புரையே ஆனாலும், எல்லாப் பாட் அலகுகளும் படிப்படியாகப் புதிதாக மாற்றப்படும். எந்த மீத்தரவு என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.