முறைசாராத் துறை: சொல்லும் கணக்கும்

நாட்டின் மொத்த உற்பத்தி பற்றிய செய்தி வரும்போதெல்லாம் நாளிதழ்களில் நாலைந்து சொற்கள் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் புழங்குகின்றன: அமைப்புசாராத் துறை, முறைசாராத் துறை, ஒருங்கிணைக்கப்படாத துறை, முறைப்படுத்தப்படாத துறை. போதாக்குறைக்கு நிழல் பொருளாதாரம் என்றும் எழுதிவிடுகிறார்கள். எந்தச் சொல்லை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கோடிக்கணக்கான தொழிலாளர்கள் கணக்குக்குள் வருகிறார்கள், அல்லது வெளியே நின்றுவிடுகிறார்கள். அதனால்தான் இதை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'இன்ஃபார்மல் செக்டர்' (முறைசாராத் துறை) என்று புள்ளியியலாளர்கள் சொல்வது ஒரு வகைத் தொழிலகங்களை. அதன் உரிமையாளர் தனி ஆளாகவோ குடும்பமாகவோ இருப்பார். கம்பெனியாகப் பதிவாகி இருக்காது. வீட்டுப் பணமும் தொழில் பணமும் ஒரே பையில் இருக்கும், முழுமையான கணக்குப் புத்தகம் இருக்காது. விற்பதற்காகப் பொருளோ சேவையோ உருவாகும். 1993இல் ஜெனீவாவில் கூடிய 15ஆவது பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு வகுத்த வரையறையின் சாரம் இதுதான். இதில் சட்டவிரோதம் என்ற பேச்சே இல்லை. தெருமுனை இட்லிக்கடை எதையும் மறைத்து நடப்பதில்லை, ஊரே அங்கே சாப்பிடுகிறது. வரிக்குப் பயந்து கணக்கை ஒளிக்கும் பெரிய நிறுவனம் வேறு இனம், கள்ளச்சாராயம் வேறு இனம். மூன்றையும் சேர்த்து நிழல் என்று சொல்வது இட்லிக்கடைக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

சொல் பிறந்த இடம் கானா நாட்டின் தலைநகர் அக்ரா. 1960களின் பிற்பாதியில் கீத் ஹார்ட் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் அங்கே நிமா என்னும் குடிசைப் பகுதியில், வடக்கிலிருந்து பிழைக்க வந்த ஃப்ராஃப்ரா மக்களிடையே களஆய்வு செய்தார். மாதச் சம்பளம் இல்லாதவர்களை வேலையற்றோர் என்று பொருளியலாளர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவர் பார்த்ததோ ஓயாமல் உழைக்கிற மனிதர்களை. அவர்களின் பிழைப்பை 'முறைசாரா வருமான வாய்ப்புகள்' என்று 1971இல் ஒரு மாநாட்டில் பெயரிட்டுச் சொன்னார். அந்தக் கட்டுரை 1973இல் அச்சானது. அதற்கு முன்பே, 1972இல், கென்யா பற்றிய ஐ.எல்.ஓ. (பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு) அறிக்கை இந்தச் சொல்லை உலகறியச் செய்துவிட்டது. கென்யாவில் இதற்கு மக்கள் வைத்த பெயர் 'ஜுவா காலி'. சுவாஹிலியில் சுடும் வெயில் என்று பொருள், கூரையில்லாமல் வெயிலில் நின்று தகரம் தட்டுபவர்களைக் குறித்தது. நம்மிடம் 'அன்றாடங்காய்ச்சி' இருக்கிறது, ஆனால் அது ஆளின் நிலையைச் சொல்வது. தொழிலகத்துக்கு ஆகாது.

இந்தியாவில் அதற்கு முன்னரே வேறொரு சொல் வேரூன்றியிருந்தது: 'அன்ஆர்கனைஸ்டு'. தமிழில் அமைப்புசாரா. இங்கே அமைப்பு என்றதும் பலரும் தொழிற்சங்கத்தை நினைக்கிறார்கள், சங்கம் இல்லாதவர்கள் என்று பொருள் கொள்கிறார்கள். புள்ளியியலில் அந்தப் பொருள் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி மின்விசையுடன் பத்துப் பேர், மின்விசை இல்லாமல் இருபது பேர் என்ற எண்ணிக்கையைத் தொட்டால் பதிவு வேண்டியிருந்தது. பதிவானவற்றுக்கு ஆண்டுதோறும் புள்ளிவிவரம் வந்தது. மிச்சமிருந்த அத்தனையும் அமைப்புசாராதவை ஆயின. ஒன்று எது என்று சொல்லாமல், எது இல்லை என்று மட்டும் சொன்ன பெயர் இது.

2004இல் பொருளியலாளர் அர்ஜுன் சென்குப்தா தலைமையில் அமைப்புசாராத் தொழிலகங்களுக்காக அமைந்த தேசிய ஆணையம்தான் இதற்குத் தெளிவான வரம்பு கட்டியது: தனி உரிமை அல்லது கூட்டாண்மை அடிப்படையில் நடக்கும், பத்துக்கும் குறைவான ஆட்கள் வேலை செய்யும் தனியார் தொழிலகங்கள் அமைப்புசாராத் துறை. அதோடு அந்த ஆணையம் இன்னொரு கோட்டையும் கிழித்தது. தொழிலகம் எது என்பது ஒரு கேள்வி, வேலை எப்படிப்பட்டது என்பது வேறு கேள்வி. 2004-05இல் நாட்டில் உழைத்தவர்கள் ஏறத்தாழ 45.7 கோடிப் பேர். அவர்களில் அமைப்புசாராத் துறையில் இருந்தவர்கள் 39.5 கோடி. ஆனால் வேலைப் பாதுகாப்போ சமூகப் பாதுகாப்போ இல்லாத வேலையில் இருந்தவர்கள் 42.3 கோடி. இடையில் உள்ளவர்கள் யார்? பெரிய ஆலையின் வாசலுக்கு உள்ளேயே ஒப்பந்தக் கூலியாக, பி.எஃப். இல்லாமல், விடுப்பு இல்லாமல் நின்றவர்கள். அப்படி 2.9 கோடிப் பேர் (அமைப்புசாராத் துறையிலும் பாதுகாப்பான வேலையில் சிலர் இருந்ததால் நேராகக் கழித்தால் சற்றுக் குறைவாக வரும்). துறை முறைசார்ந்தது, வேலை முறைசாராதது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இவர்கள் காணாமல் போகிறார்கள். மேலே சொன்ன பன்னாட்டுப் புள்ளியியலாளர் மாநாடும் இதை உணர்ந்து 2003இல் 'முறைசாரா வேலை' என்பதற்குத் தனி வழிகாட்டுதல் கொடுத்தது.

இனி கணக்குக்கு வருவோம். கணக்குப் புத்தகமே இல்லாத ஒரு கடையின் உற்பத்தியை நாட்டின் கணக்கில் எப்படி எழுதுவது? கோடிக்கணக்கான கடைகளிடம் ஒவ்வோர் ஆண்டும் போய்க் கேட்க முடியாது. அதனால் ஆள்களை எண்ணுகிறார்கள். வீடுவீடாகச் சென்று எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பிலிருந்து ஒரு தொழிலில் எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று தெரிகிறது. தொழிலகங்களில் மாதிரிக்கு எடுக்கும் கணக்கெடுப்பிலிருந்து ஓர் ஆள் கூட்டும் மதிப்பு எவ்வளவு என்று தெரிகிறது. இரண்டையும் பெருக்கினால் அந்தத் தொழிலின் மதிப்புக்கூட்டல். இதற்குப் பெயர் உழைப்பு உள்ளீட்டு முறை.

ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர், வடை சுட்டுக் கொடுக்கும் அவர் மனைவி, சம்பளத்துக்கு ஓர் ஆள். மாத விற்பனை 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பால், டீத்தூள், சர்க்கரை, எண்ணெய், கேஸ், கடை வாடகை எல்லாம் போக 36,000 ரூபாய் நிற்கிறது. இதுதான் கடை கூட்டிய மதிப்பு. வேலையாளின் சம்பளத்தை இதிலிருந்து கழிக்கக் கூடாது, அதுவும் கூட்டிய மதிப்பின் பங்குதான். அவர் சம்பளம் போக மிஞ்சுவது குடும்பத்தின் கூலியா லாபமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆகவே தேசியக் கணக்கில் அதைக் 'கலப்பு வருமானம்' என்கிறார்கள். நல்ல பெயர். மூன்று பேர், 36,000 ரூபாய், ஆளுக்கு 12,000.

இப்போது அதே குடும்பத்தின் வீட்டுக்குக் கணக்கெடுப்பாளர் போகிறார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்கம்மா?" என்று கேட்கிறார். "வேலைக்கெல்லாம் போகலைங்க, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்று பதில் வருகிறது. விடியற்காலை நாலு மணிக்குப் பருப்பு அரைத்தவர் சொல்வது இது. துருவிக் கேட்கத் தெரிந்தவர் குடும்பத் தொழிலுக்கு உதவுபவர் என்று 21ஆம் குறியீட்டைப் போடுவார். அவசரத்தில் இருப்பவர் வீட்டுவேலை மட்டும் என்று 92ஐப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். 92 விழுந்தால் அந்த வீட்டில் உழைப்பாளர் இரண்டு பேர்தான். ஆளுக்கு 12,000 என்றால் 24,000 ஆகிறது. கடையின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு நாட்டின் கணக்கிலிருந்து கழன்றுவிட்டது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், கடையில் கேட்டபோதும் அவரை விட்டிருந்தால் ஆளுக்கு 18,000 ஆகி, இரண்டு பேருக்குப் பெருக்கும்போது 36,000 சரியாக வந்திருக்கும். மொத்தம் தப்பாது, அந்தப் பெண்தான் விடுபட்டிருப்பார். ஓரிடத்தில் எண்ணி இன்னோரிடத்தில் விடும்போதுதான் மொத்தமே தவறுகிறது. இரு கணக்கெடுப்புகளும் உழைப்பாளர் என்றால் யார் என்பதில் ஒரே வரையறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று புள்ளியியலாளர்கள் விடாப்பிடியாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த உழைப்பு உள்ளீட்டு முறையை உலகம் இத்தாலியோடு சேர்த்துத்தான் பேசுகிறது. அந்நாட்டுப் புள்ளியியல் நிறுவனம் வீடுகளில் எடுத்த எண்ணிக்கையையும் நிறுவனங்கள் சொன்ன எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஏட்டில் வராத உழைப்பை முழுநேர வேலைகளாக மாற்றிக் கணக்கில் சேர்த்தது. 1987இல் திருத்திய எண்கள் வந்தபோது பிரிட்டனைத் தாண்டிவிட்டோம் என்று நாடே பேசியது. அதற்கு 'சொர்பாசோ', அதாவது முந்திச் செல்லுதல், என்று பெயரே வைத்துவிட்டார்கள். நம் நாட்டிலோ பொருளியலாளர் வி.கே.ஆர்.வி. ராவ் 1931-32ஆம் ஆண்டின் தேசிய வருமானத்தை மதிப்பிட்டபோதே, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு தொழிலிலும் இருந்தவர்களின் எண்ணிக்கையைச் சராசரி வருமானத்தோடு பெருக்கும் வழியைக் கையாண்டிருந்தார். புள்ளியியலாளர் மகலனோபிஸ் தலைமையில் 1949இல் அமைந்த தேசிய வருமானக் குழுவில் அவரும் இருந்தார். இந்தப் பெருமை நமக்கு உண்டு, அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

பெருமையோடு குறையையும் சொல்லியாக வேண்டும். நெடுங்காலம் கடைக்காரரும் உதவியாளும் கூலியாளும் ஒரே எடையில் எண்ணப்பட்டார்கள். 2011-12ஐ ஒப்பீட்டுக்கான அடிப்படை ஆண்டாகக் கொண்ட தேசியக் கணக்கு வரிசையில்தான் மூவருக்கும் தனித்தனி எடை போடும் 'பயனுறு உழைப்பு உள்ளீடு' வந்தது. அதைவிடப் பெரிய குறை, ஆள் எண்ணிக்கை ஆண்டுதோறும் கிடைக்காதது. 2011-12க்குப் பிறகு தேசிய மாதிரி ஆய்வு அலுவலகத்தின் அடுத்த தொழிலாளர் கணக்கெடுப்பு 2017-18இல்தான் வந்தது. இடையில் அடிப்படை ஆண்டின் எண்ணைத் தொழில் உற்பத்திக் குறியீடு, விற்பனை வரி போன்றவற்றின் போக்கில் நகர்த்திக்கொண்டு போனார்கள். அவை பெரும்பாலும் பதிவான நிறுவனங்களின் நாடியைப் பார்ப்பவை. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்து, ரொக்கத்தில் நடந்த சிறு தொழில்கள் திண்டாடிய நேரத்திலும் அவற்றின் உற்பத்தி பெரிய நிறுவனங்களின் வேகத்தில் வளர்ந்ததாகக் கணக்கில் ஏற வாய்ப்பிருந்தது. பொருளியலாளர்கள் பலர் அன்று எழுப்பிய ஆட்சேபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு 2017இலிருந்து தொடர்ந்து நடக்கிறது. கம்பெனியாகப் பதிவாகாத தொழிலகங்களுக்கு ஆண்டுக் கணக்கெடுப்பும் வந்துவிட்டது. 2023-24இல் விவசாயமும் கட்டுமானமும் நீங்கலாக இத்தகைய தொழிலகங்கள் 7.34 கோடி, அவற்றில் உழைத்தவர்கள் 12.06 கோடி என்று அது சொன்னது. 2022-23ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசைக்கு இவ்விரண்டையும் ஆண்டுதோறும் பயன்படுத்துவது என்று வகுத்திருப்பது பெரிய முன்னேற்றம்.

தமிழில் எதை எழுதலாம்? தேசியக் கணக்குச் சூழலில் 'முறைசாராத் துறை' என்பதே சரி. இலங்கைத் தமிழில் பெரும்பாலும் இதுதான் வழக்கு. அங்கே தொழிற்படைக் கணக்கெடுப்பில் பதிவு, கணக்கேடு, பத்து நிரந்தர ஆட்கள் என்ற மூன்றையும் வைத்துத் துறையைப் பிரிக்கிறார்கள். முறை என்பதற்கு ஒழுங்கு, நெறி, நீதி என்று பொருள் நீளும். முறையீடு என்ற சொல்லில் இருப்பது அந்த நீதிதான். 'முறையற்ற' என்றால் தவறான என்றாகிவிடும், 'முறைசாரா' என்றால் அந்த ஒழுங்கோடு சேராத என்று மட்டும் நிற்கும். முறைசாராக் கல்வி என்று ஏற்கெனவே புழங்கிய தடமும் இருக்கிறது. சாராத என்பதன் ஈறு கெட்டுச் சாரா ஆனதால் பின்வரும் வல்லினம் மிகும். 'முறைசாரா துறை' என்று ஒற்றில்லாமல் அச்சிடுவது பிழை.

'முறைசாரா வேலை' என்பதைத் தொழிலாளரின் நிலைக்கு மட்டும் வையுங்கள். பிறர் வீட்டில் கூலிக்கு வேலை செய்பவருக்கு ஐ.எல்.ஓ. வகைப்பாட்டில் வேலை பெரும்பாலும் முறைசாராதது, ஆனால் வீடு முறைசாராத் துறையில் சேராது, தனி இனம். 'அமைப்புசாரா' என்பதைச் சட்டத்துக்கும் நல வாரியத்துக்கும் விட்டுவிடலாம். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் வந்த வாரியங்களால் அது தமிழ்நாட்டுத் தொழிலாளர் வாயில் ஊறிய சொல், அட்டையில் அச்சான சொல். அதைப் பிடுங்க வேண்டியதில்லை.

வசதியான பெயர் இன்னும் அமையாதவர் ஒருவர் இருக்கிறார்: சொந்த வண்டியில், சொந்த பெட்ரோலில், ஒரு செயலியின் பெயர் போட்ட சட்டையில் உணவு கொண்டுவருபவர். செயலி நடத்துவது பதிவான கம்பெனி. அவரோ அதன் ஊழியர் இல்லை. 2018இல் பன்னாட்டுப் புள்ளியியலாளர் மாநாடு இப்படிப்பட்டவர்களுக்காக ஊழியருக்கும் சுயதொழிலருக்கும் நடுவே ஒரு புதிய வகையைச் சேர்த்தது. 'சார்பு ஒப்பந்தத் தொழிலாளர்' என்று தமிழில் சொல்லலாம். கணக்கெடுப்பாளர் அவர் வீட்டுக்குப் போய் எந்தத் தொழிலகத்தில் வேலை என்று கேட்டால், அவர் கம்பெனியின் பெயரைத்தான் சொல்வார்.