விராலடிப்பான்: சொல்லும் கூடும்

வேல்ஸில் டிஃபி ஆற்றை ஒட்டிய சதுப்பில், உயரமான கம்பம் ஒன்றின் தலையில் சுள்ளிக் கூடு ஒன்று இருக்கிறது. வசந்தம் வந்தால் அந்தக் கூட்டை இரவு பகலாக நேரலையில் பார்க்கலாம். சென்ற பருவத்தில் அதை ஒரு நண்பருக்குக் காட்டினேன். தாய்ப்பறவை மழையில் நனைந்தபடி முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. "இது பருந்தா, கழுகா?" என்று கேட்டார். "விராலடிப்பான்" என்றேன். "நீங்களே வைத்த பெயரா?" என்றார்.

இல்லை. ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே என்று அழைக்கப்படும் பறவைக்குத் தமிழில் இருக்கும் பெயர் அது. நம் பறவை நூல்களிலும் அதுதான் பெயர். ஆனாலும் செய்தி எழுதுகிறவர்கள் பலர் 'மீன்கழுகு', 'கடற்கழுகு' என்றோ, வெறுமனே 'ஒரு வகைப் பருந்து' என்றோ போட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது மனவருத்தம் தருகிற விஷயம். இவ்வளவு கூர்மையான ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பொத்தாம்பொதுவாக எழுத வேண்டியதில்லை.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். விரால் + அடிப்பான். விரால் என்பது ஏரி, குளம், வயல்வாய்க்கால்களில் வாழும் நன்னீர் மீன். பழைய இலக்கியத்தில் அது 'வரால்'. பேச்சில் விரால் ஆயிற்று, இன்று இரண்டும் வழக்கில் உண்டு. அடிப்பான் என்பதில் உள்ள 'அடி', கையால் அடிப்பது அல்ல. "புலி மாட்டை அடித்தது", "பருந்து கோழிக்குஞ்சை அடித்தது" என்கிறோமே, அந்த அடி. பாய்ந்து, தாக்கி, இரையாக்குவது. ஆக, விராலைப் பாய்ந்து பிடித்து இரையாக்கும் பறவை. தெளிவான காரணப்பெயர்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மீனைப் பிடிக்கும் இன்னொரு பறவைக்கு நாம் 'மீன்கொத்தி' என்று பெயர் வைத்தோம். மரத்தைக் குடைவதற்கு 'மரங்கொத்தி'. கொத்துவது அலகின் வேலை. விராலடிப்பானுக்கு அலகு இரண்டாம்பட்சம்தான், அது மீனை எடுப்பது காலால். தண்ணீருக்கு மேலே சிறகடித்தபடி ஓரிடத்தில் நின்று பார்க்கும். பிறகு சிறகை மடக்கி விழும். கடைசி நொடியில் கால்களை முன்னே நீட்டி, நகங்களைக் கொடுத்துத் தண்ணீரைப் பிளக்கும். பாதத்தின் அடிப்புறம் முழுக்கச் சிறு முள் போன்ற சொரசொரப்பு. வெளிவிரலைப் பின்னால் திருப்பி, முன்னே இரண்டு பின்னே இரண்டு என்று மீனை இறுக்கிப் பிடிக்கும். பிடித்ததைக் கொண்டுபோகும்போது மீனின் தலை பறக்கும் திசையைப் பார்க்கும்படி திருப்பிக்கொள்ளும், காற்று தடுக்காமல் இருக்க. இதையெல்லாம் கண்ணால் கண்டவர்கள் 'கொத்தி' என்று சொல்லாமல் 'அடிப்பான்' என்று சொன்னதில் வியப்பில்லை.

சரி, அத்தனை மீன் இருக்க ஏன் விரால்? எழுதி வைத்த விடை எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் விராலின் வாழ்க்கையைப் பார்த்தால் காரணம் தென்படுகிறது. விரால் தண்ணீரிலேயே இருந்து மூச்சுவிட்டுப் பிழைக்க முடியாத மீன். அவ்வப்போது மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டுத்தான் கீழே போகும். விராலடிப்பானோ ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல் பாய முடியாத பறவை. மேலே வந்தே ஆகவேண்டிய மீன், மேற்பரப்பில் மட்டுமே வேட்டையாடும் பறவை. கரையில் நின்று பார்த்த யாரோ இந்த இரண்டையும் சேர்த்துப் பெயராக்கியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆங்கிலச் சொல்லுக்கு இந்தக் கூர்மை இல்லை. 'இரை பிடிக்கும் பறவை' என்று பொருள்படும் லத்தீன் தொடர் பழைய பிரெஞ்சு வழியாக வந்து, அத்தோடு 'எலும்பை உடைப்பது' என்று பொருள்படும் இன்னொரு லத்தீன் பெயரும் குழம்பிக் கலந்துதான் ஆஸ்ப்ரே உருவானது என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். எலும்பை உடைப்பது தாடியுள்ள மலைக்கழுகு வகை ஒன்று. மீனைத் தவிர அனேகமாக வேறெதையும் தொடாத இந்தப் பறவைக்கும் எலும்புக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

அறிவியல் பெயர் பாண்டியோன் ஹேலியேட்டஸ். ஹேலியேட்டஸ் என்றால் கிரேக்கத்தில் கடற்கழுகு. 1758இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் அறிஞர் வைத்தது அது. பாண்டியோன் என்ற பேரினப் பெயரை 1809இல் சாவினி என்ற பிரெஞ்சு அறிஞர் சேர்த்தார். தமிழர் காதுக்கு உடனே பாண்டியன் என்று கேட்கும். பாண்டிய மன்னனையும் பழைய கிரேக்கர்கள் பாண்டியோன் என்றே எழுதினார்கள் என்பது உண்மை. ஆனால் இந்தப் பாண்டியோன் ஏதென்ஸ் நகரத்துத் தொன்மக் கதை மன்னன். பெயர் ஒற்றுமை மட்டும்தான், அதற்கு மேல் ஏதும் கட்ட வேண்டாம்.

கழுகு என்றும் பருந்து என்றும் சொல்லக்கூடாதா என்று கேட்டால், சொல்லாமல் இருப்பதே நல்லது. வகைப்பாட்டில் விராலடிப்பானுக்குத் தனிக் குடும்பம். கழுகுகளும் பருந்துகளும் இருக்கும் குடும்பத்தில் அது இல்லை. அதோடு மீன்கழுகு, கடற்கழுகு என்ற பெயர்கள் வேறு பறவைகளுக்கு ஏற்கெனவே தேவைப்படுகின்றன. வெண்வயிற்றுக் கடற்கழுகை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எழுதும்போது சேர்த்தே எழுதுங்கள். 'விரால் அடிப்பான்' என்று இடம் விட்டால், யாரோ ஒருவன் நாளைக்கு விரால் அடிக்கப்போகிறான் என்று வாக்கியமாகப் படிக்க நேரும். இன்னொரு தயக்கத்தையும் கேட்டிருக்கிறேன்: '-ஆன்' என்று முடிகிறதே, பெண்பறவைக்கு எப்படிச் சொல்வது? கரிச்சான், உள்ளான், பஞ்சுருட்டான் எல்லாம் அப்படித்தான் முடிகின்றன. பறவைப் பெயரில் அந்த ஈறு பால் காட்டுவதில்லை. 'பெண் விராலடிப்பான் வந்தது' என்பது பிழையே இல்லாத தமிழ். பெண்தான் உருவத்தில் பெரியது, மார்பில் பழுப்புப் பட்டையும் அதற்கே பெரும்பாலும் அடர்த்தியாக இருக்கும். நேரலையில் எது ஆண், எது பெண் என்று முதலில் அடையாளம் காண உதவுவது அந்தப் பட்டைதான்.

இனி சொல்லுக்கு எட்டாத பாதி. விராலடிப்பான் நம் நீர்நிலைகளுக்குக் குளிர்காலத்தில் வந்து போகும் விருந்தாளி. கூடு கட்டுவது வடக்கே, தொலைவில். அதனால் நம் பெயருக்கு அதன் வேட்டை தெரியும், குடும்பம் தெரியாது. பெயர் வைத்தவர்கள் அதன் முட்டையைக்கூடப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இன்று கேமரா காட்டுவது அந்த மறுபாதியை. அதைச் சொல்லப் புதுச்சொல் தேட வேண்டுமா என்று பார்த்தேன். பெரும்பாலும் வேண்டாம், எல்லாம் நம்மிடம் இருக்கின்றன.

முதலில் 'நேரலை'. நேர் + அலை. வானொலி, தொலைக்காட்சிக் காலத்து அலையை வைத்துப் பிறந்த சொல். இணையத்துக்கும் அப்படியே வந்துவிட்டது, நன்றாகவே பொருந்துகிறது. கேமராவைக் கேமரா என்றே விடலாம். படக்கருவி என்றாலும் புரியும், ஆனால் பேசுகிற யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். கூடு + நேரலை சேர்ந்தால் 'கூட்டு நேரலை' ஆகும். அதைப் படிப்பவர் கூட்டு முயற்சி, கூட்டு அறிக்கை போல, நாலு பேர் சேர்ந்து நடத்தும் நேரலை என்றே எடுத்துக்கொள்வார். 'கூட்டின் நேரலை' என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது.

அடுத்து 'அடைகாத்தல்'. பெரும்பாலும் மூன்று முட்டை. ஒன்று பொரிய ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். இரவில் அகச்சிவப்பு ஒளியில் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். தாய் எழுந்து நின்று, முட்டைகளை அலகால் மெல்லப் புரட்டும். கூட்டுக்குள் நடக்கும்போது அந்தப் பயங்கரமான நகங்களை உள்ளே மடக்கி, முஷ்டி பிடித்தமாதிரி வைத்து நடக்கும், முட்டையில் கீறல் விழக்கூடாது என்று. முதன்முதலாக அதைப் பார்த்த இரவு நான் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நீள மீனைத் தண்ணீரிலிருந்து பிடுங்கி எடுக்கிற கால் அது.

அடைகாத்தலில் உள்ள 'காத்தல்' இந்தப் பறவையின் வரலாற்றில் மனிதர்களுக்கும் வேலை வைத்தது. ஸ்காட்லாந்தில் விராலடிப்பான் 1916ஓடு கூடு கட்டாமல் அற்றுப்போனதாகக் கணக்கு. சுட்டதும் முட்டை திருடியதும் காரணம். 1954இல் கார்ட்டன் ஏரிப் பக்கம் ஓர் இணை திரும்பி வந்தது. காவல் போட்டும் 1958இல் ஒருவன் இருட்டில் மரமேறி முட்டைகளை எடுத்துக்கொண்டு, பழுப்புச் சாயம் பூசிய கோழிமுட்டைகளை வைத்துவிட்டுப் போனான். மறுவருடம், 1959இல், பிரிட்டனின் அரச பறவைப் பாதுகாப்புக் கழகம் யாரும் எதிர்பார்க்காததைச் செய்தது: இடத்தை ஒளிக்காமல், பொதுமக்களை அழைத்து, தொலைவில் ஒரு மறைவிடத்திலிருந்து கூட்டைப் பார்க்கவிட்டது. பல கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டில் திருடுவது கடினம். இன்றைய நேரலைகளுக்கு மூத்த வடிவம் அந்த மறைவிடம்தான் என்பேன். கண்காணிப்பு என்ற சொல் நமக்குக் காவல் நிலையத்தை நினைவூட்டுகிறது. இங்கே அது அடைகாத்தலின் பக்கத்தில் வந்து உட்கார்கிறது.

அமெரிக்காவில் கதை வேறு. டிடிடி பூச்சிமருந்து மீன் வழியாக உடலில் ஏறி, முட்டையோட்டை மெல்லியதாக்கியது. அடை உட்கார்ந்த தாயின் எடை தாங்காமல் முட்டை உடைந்தது. 1972இல் அங்கே அந்த மருந்தைத் தடை செய்த பிறகு பறவைகள் மெல்ல மீண்டன. மொன்டானாவில் மிசூலா நகரத்தருகே உள்ள கூட்டின் நேரலை இன்று பலருக்குப் பழக்கம். அங்கே புது ஆபத்து, வைக்கோல் கட்டப் பயன்படும் பிளாஸ்டிக் கயிறு. புல் என்று நினைத்துப் பறவைகள் கூட்டுக்குக் கொண்டுவந்துவிடும், குஞ்சின் கால் அதில் சிக்கிக்கொள்ளும்.

மூன்றில் ஒன்று பொரிக்காமல் கிடந்தால்? 'கூமுட்டை'. கூழ்முட்டை என்பதன் திரிபு, உள்ளே கூழாகிப்போன முட்டை. இப்போது திட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தி அந்தச் சொல்லைக் கெடுத்து வைத்திருக்கிறோம். மற்ற இரண்டும் பொரித்த பிறகும் தாய் அதைத் தள்ளாமல் நாட்கணக்கில் வயிற்றடியில் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அது திட்டாகத் தோன்றாது.

குஞ்சுகளுக்குத் தொல்காப்பிய மரபியல் இரண்டு பெயர் தருகிறது: பார்ப்பு, பிள்ளை. பிள்ளை இன்றும் கிளிப்பிள்ளையில் உயிரோடு இருக்கிறது. பார்ப்பு வழக்கிழந்துவிட்டது. மீண்டும் எழுதலாம் என்பது என் ஆசை. முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. மூத்த பார்ப்பு கழுத்தை நிமிர்த்தி நிற்கும்போது கடைசிப் பார்ப்பு தலையைத் தூக்கத் தெரியாமல் ஆடும். ஆண்பறவை மீன் கொண்டுவரும். பல நேரம் தலையைத் தான் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் கொண்டுவரும். தாய் அதை நுள்ளி நுள்ளி, தன் கொக்கி அலகின் நுனியில் ஒரு துணுக்கை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் காத்திருக்கும். குஞ்சு முதல் தடவை தவறவிடும், இரண்டாம் தடவையும். மூன்றாவதில் வாய்க்குள் போகும்.

ஏழெட்டு வாரத்தில் சிறகு முற்றிவிடும். குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்று காற்றுக்கு எதிரே சிறகை விரித்து, ஒரு சாண் எழும்பி, மறுபடி இறங்கும். அப்புறம் ஒருநாள் இறங்காது.

கூட்டுக்கு இன்னொரு பழஞ்சொல் 'குடம்பை'. திருக்குறளின் 338ஆம் குறளில், குடம்பை தனித்துக் கிடக்கப் பறவை பறந்துபோவதை உடலை விட்டுப் போகும் உயிருக்கு உவமையாகச் சொல்லியிருக்கிறது. பரிமேலழகர் குடம்பையை முட்டை என்று எடுக்கிறார், கூடு என்று சொல்பவர்களும் உண்டு. நேரலையை வருடக்கணக்கில் பார்த்துவரும் எனக்குக் கூடு என்பதே கண்ணுக்கு முன் நிற்கிறது. ஆகஸ்டில் முதலில் தாய் கிளம்பும். பிறகு பிள்ளைகள், ஒவ்வொன்றாக. கடைசி வரை மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஆண்பறவை கிளம்பும். வேல்ஸ் பறவைகள் போவது மேற்கு ஆப்பிரிக்காவுக்கு. செப்டம்பர் முடியும்போது டிஃபியில் கேமரா காட்டுவது காய்ந்த மீன்வாலும் காற்றும்தான். அதே வாரங்களில் வடக்கு ஆசியாவிலிருந்து புறப்பட்ட வேறு விராலடிப்பான்கள் நம் ஏரிகளுக்கு மேல் வட்டமிடத் தொடங்கும். கீழே ஒரு விரால் காற்று வாங்க மேலே வரும்.