வெர்ச்சுவல் ஆடியோ கேபிள்: மெய்நிகர் ஒலிவடம்

ஒரு செயலி எழுப்பும் ஒலியை ஸ்பீக்கருக்கு விடாமல், இன்னொரு செயலியின் மைக் வாசலில் நேரே சேர்க்கும் மென்பொருள் இணைப்பே வெர்ச்சுவல் ஆடியோ கேபிள். இதே பெயரில் விண்டோசுக்கான மென்பொருள் ஒன்று 1998 முதல் இருக்கிறது. இன்று பலரும் நிறுவுவது விபி-கேபிள், மேக்கில் பிளாக்ஹோல்.

கேபிள் என்ற சொல்லின் வேர், கட்டும் கயிற்றைக் குறித்த இடைக்கால லத்தீன் சொல். தமிழில் அதற்கு வடம் என்பது அப்படியே பொருந்துகிறது. தேர்வடம் இழுத்த ஊர்க்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம். வெர்ச்சுவல் என்பது ஆற்றலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது: உருவில் இல்லை, பயனில் உண்டு என்ற பொருள். இதைச் சிலர் 'மாய' என்று எழுதுகிறார்கள். அது பிழையான தேர்வு. மாயம் என்றால் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. இங்கே ஒலி உண்மையாகவே போய்ச் சேர்கிறது, கம்பிதான் இல்லை. மெய்க்கு நிகரானது என்னும் 'மெய்நிகர்' சரியாக உட்காருகிறது. ஆகவே மெய்நிகர் ஒலிவடம்.

உண்மையான குழப்பம் வடத்தின் இரு முனைகளின் பெயரில் இருக்கிறது. விபி-கேபிளை நிறுவியதும் 'கேபிள் இன்புட்', 'கேபிள் அவுட்புட்' என இரண்டு கருவிகள் தோன்றும். இன்புட் என்றதும் மைக் என்று நினைத்துத் தேடினால் கிடைக்காது. அது ஸ்பீக்கர்கள் இருக்கும் பிளேபேக் பட்டியலில் இருக்கும். அவுட்புட் என்பதோ மைக்குகள் இருக்கும் ரெக்கார்டிங் பட்டியலில் இருக்கும். பெயர்கள் வடத்தின் பக்கமிருந்து வைக்கப்பட்டவை: வடத்துக்குள் ஒலி புகும் இடம் இன்புட், வெளிவரும் இடம் அவுட்புட். ஏரிப்பாசனம் பழகிய வட ஆர்க்காட்டுக்கு இதற்கான சொற்கள் கைவசமே உள்ளன. கேபிள் இன்புட்டைத் தலைமடை என்றும், கேபிள் அவுட்புட்டைக் கடைமடை என்றும் சொல்லலாம். பாடும் செயலி தலைமடையில் விடும். கேட்கும் செயலி கடைமடையில் எடுக்கும். திசை தவறவே தவறாது.

காட்பாடியில் வீட்டிலிருந்தபடி ஜூமில் பாட்டு வகுப்பு எடுப்பவரை எடுத்துக்கொள்வோம். தம்பூரா செயலியின் சுருதியும் அவர் குரலும் சேர்ந்து மாணவருக்குப் போக வேண்டும். (ஜூமின் திரைப்பகிர்விலேயே கணினி ஒலியைப் பகிரும் வசதியும் உண்டு, அதற்கு வடம் தேவையில்லை.) விபி-கேபிளை நிறுவும் கோப்பை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கி, முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதன்பின் ஸ்பீக்கரில் சத்தமே வராமல் போகலாம். எதுவும் கெட்டுவிடவில்லை: விண்டோஸ் புது வடத்தையே இயல்புக் கருவியாக (டிஃபால்ட்) எடுத்துக்கொண்டிருக்கும். பழைய ஸ்பீக்கரை மீண்டும் இயல்பாக்கினால் சரியாகும்.

அடுத்து, விண்டோஸ் ஒலி அமைப்பில் செயலிவாரியாகக் கருவி தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் தம்பூரா செயலிக்குத் தலைமடையைக் கொடுங்கள். குரலுக்கு, ரெக்கார்டிங் பட்டியலில் உங்கள் மைக்கின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, 'லிசன்' தாவலில் டிக் போட்டு, அங்கேயும் தலைமடையையே தேர்ந்தெடுங்கள். இரண்டையும் விண்டோஸே கலந்துவிடும். ஜூமில் மைக்காகக் கடைமடை, ஸ்பீக்கராக உங்கள் ஹெட்போன். ஜூமின் ஸ்பீக்கரை மறந்தும் தலைமடையில் வைக்காதீர்கள்; மாணவர் பேசியது அவருக்கே எதிரொலியாகத் திரும்பும்.

சுருதி உங்கள் காதுக்கும் வேண்டுமென்றால் கடைமடையின் 'லிசன்' தாவலில் ஹெட்போனைக் கொடுக்கலாம். ஆனால் உங்கள் குரலும் சற்றுத் தாமதமாகச் சேர்ந்து வரும். பாடுகிறவருக்கு அது பெருந்தொல்லை. தனியே ஒரு சுருதிப்பெட்டியையோ கைபேசியையோ பக்கத்தில் ஒலிக்கவிட்டு மைக்கிலேயே எடுப்பது இதைவிட மேல்.

எல்லாம் சரியாக இருந்தும் மாணவருக்குச் சுருதி சில நொடிகளில் தேய்ந்து மறைகிறதா? காரணம் வடமல்ல. மாறாமல் நீளும் தம்பூரா நாதத்தை ஜூம் மின்விசிறி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடுகிறது. ஜூமின் ஆடியோ அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இயக்கினால் சுருதி மறையாது.

கரகரப்பு வந்தால், தலைமடை, கடைமடை, மைக் மூன்றின் மாதிரி வீதத்தையும் (சாம்பிள் ரேட்: ஒலி நொடிக்கு எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பது) 48,000 ஹெர்ட்ஸ் என ஒன்றாக்குங்கள். ஒன்று 44,100, மற்றொன்று 48,000 என்றிருந்தால் இடையே மாற்றும் வேலையில் தடுமாற்றம் வரலாம். அதன் பிறகும் தீராவிட்டால் இடையகத்தை (பஃபர்: ஒலியைச் சற்றுச் சேர்த்துவைக்கும் இடம்) பெரிதாக்க வேண்டும், விலை தாமதம். 48,000 ஹெர்ட்ஸில் 480 மாதிரிகள் என்பது 10 மில்லிநொடி.

மேக்கில் பிளாக்ஹோலோடு ஹெட்போனையும் சேர்த்து ஒரு மல்டி-அவுட்புட் கருவி உருவாக்கினால் ஒரே ஒலி இரண்டு பக்கமும் போகும். இரண்டின் கடிகாரங்களும் விலகிப் போகாமல் சரிசெய்யும் 'டிரிஃப்ட் கரெக்ஷன்' டிக்கை பிளாக்ஹோலுக்கு நேரே போட மறக்கக்கூடாது. அந்தக் கருவிக்கு விசைப்பலகையின் ஒலியளவுப் பொத்தான் வேலை செய்யாது. லினக்சில் பல்ஸ்ஆடியோ என்ற ஒலி மென்பொருளின் 'நல் சிங்க்' தலைமடை. அதன் 'மானிட்டர்' கடைமடை.

எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, செயலியை ஒலிக்கவிட்டு ரெக்கார்டிங் பட்டியலில் கடைமடைக்கு எதிரே உள்ள பச்சைக் கோடுகளைப் பாருங்கள். அசையவில்லை என்றால் ஒலி தலைமடைக்கே வரவில்லை, செயலியின் தேர்வைச் சரிபாருங்கள். அசைந்தும் எதிர்முனையில் கேட்கவில்லை என்றால் கோளாறு ஜூமின் பக்கம், முதலில் அதன் மைக் தேர்வைப் பாருங்கள்.