கையில் ஒட்டும் சீனி சென்சர்: அரச கிளினிக்கில் எது இலவசம், எது இல்லை?

“கையில ஒட்டுற சென்சரைப் பெரியாஸ்பத்திரியில சும்மா குடுக்கினமாமே?” இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இல்லை. விரலில் குத்தாமல் இரவும் பகலும் சீனி அளவைத் திரையில் காட்டும் இந்தச் சென்சர், இலங்கையில் அரச கிளினிக்குகள் வழக்கமாகத் தரும் பொருட்களில் சேரவில்லை. முதலாம் வகை நீரிழிவுள்ள (உடலில் இன்சுலின் சுரக்காத) எல்லோருக்கும் அதை வழங்க வேண்டும் என்று இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022 மார்ச்சில் வழிகாட்டல் வெளியிட்டது. லண்டன் சொந்தக்காரர் ‘சும்மா கிடைக்குது’ என்று சொல்வது அந்த நாட்டுக் கதை.

இங்கே எங்களுக்கு உரித்தானது வேறு. யாழ் போதனா வைத்தியசாலையிலோ, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலோ கிளினிக்கில் பதிந்துகொண்டால் வைத்தியரைப் பார்க்கக் காசில்லை. மெற்போமின் குளிசை, இன்சுலின், அங்கே செய்யும் இரத்தப் பரிசோதனை எல்லாம் இலவசம். கையிருப்பு முடிந்த நாளில் மட்டும் வெளியே வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். 35 வயது தாண்டியும் ஒருமுறைகூடச் சீனி பார்க்காதவர்கள், அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்குப் போகலாம். அங்கேயும் காசில்லை.

சரி, சென்சரைச் சொந்தக் காசில் வாங்குவதா? இன்சுலின் போடுபவர், அதிலும் இரவில் சீனி இறங்குபவர் என்றால் நான் வாங்கச் சொல்வேன். குளிசையோடு சீனி கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

நாணயக் குற்றியளவு வில்லையை மேற்கையின் பின்பக்கம் ஒட்டினால், மயிரிழை போன்ற ஒரு நுனி தோலுக்குக் கீழே நிற்கும். அது அளப்பது இரத்தத்தை அல்ல, தோலடி நீரில் உள்ள சீனியை. அதனால் இரத்தத்தில் ஏறுவதும் இறங்குவதும் சில நிமிடம் பிந்தித்தான் அதில் தெரியும். பரவலாக விற்கும் வகை ஒன்று 14 நாள் வேலை செய்யும்.

பெரியம்மாவுக்கு மகன் லண்டனில் இருந்து ஒன்று அனுப்பியிருந்தார். ஒருநாள் விடியப்புறம் மூன்று மணிக்கு அலாரம் அடித்தது; திரையில் 3.2 (எங்கள் கணக்கில் ஏறத்தாழ 58). வீடே எழும்பி, சீனித் தண்ணி கலக்கப் போய்விட்டோம். நல்லகாலம், விரலில் குத்திப் பார்த்தோம்: 98. அவ சென்சர் இருந்த கைப்பக்கம் சரிந்து படுத்திருந்தா. அப்படி அழுத்தினால் சென்சர் குறைத்துக் காட்டும். உடல் சொல்வதும் திரை சொல்வதும் பொருந்தாவிட்டால் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். உண்மையாகவே 70க்குக் கீழே போயிருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். மயங்கிக் கிடப்பவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

அந்த 3.2 இன்னொரு குழப்பத்தையும் தந்தது. இங்கிலாந்திலும் கனடாவிலும் மில்லிமோல் கணக்கு. எங்கள் கிளினிக் கொப்பியில் மில்லிகிராம் கணக்கு. அவர்களுடைய எண்ணை 18ஆல் பெருக்குங்கள்: 3.2 என்பது ஏறத்தாழ 58, 10 என்பது 180.

சென்சர் ஒன்றுக்குத்தான் வசதி என்றால், கிளினிக் திகதிக்கு இரண்டு கிழமை முன்னதாக ஒட்டுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நாளில் 70 வீத நேரமாவது அளவு 70க்கும் 180க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பதே இலக்கு. எத்தனை மணிக்குப் புட்டு, எத்தனை மணிக்கு ஊசி என்று ஒவ்வொரு நாளும் கொப்பியில் எழுதி, வரைபடத்தோடு வைத்தியரிடம் காட்டுங்கள். ஊசியின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.